சாவி ஏறாத பாட்டுப்பெட்டி: பட்டறை நாட்குறிப்பு

ஜனவரி 4

காரைக்குடியில் மார்கழி பிற்பாதி என்றால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். காலையில் கானாடுகாத்தானில் இருந்து ஓர் ஆச்சி, பேரனோடு காரில் வந்து இறங்கினார். பின் சீட்டில் கறுப்புத் தோல் போர்த்திய பெட்டி. எச்எம்வி 102, 1931இல் விற்பனைக்கு வந்த கையடக்க கிராமபோன் மாடல்.

"அப்பச்சி சண்டைக்கு முன்னால ரங்கூன்ல இருந்து கொண்டு வந்தாக தம்பி. போன வாரம் சாவி கொடுத்துக்கிட்டே இருந்தேன், டொம்முன்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் சுத்தச் சுத்த ஏறவே மாட்டேங்குது."

கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் இறுகுகிறது, பிறகு உள்ளே 'தடக்' என்று வழுக்கி விட்டுவிடுகிறது. இது நல்ல அறிகுறி. ஸ்பிரிங் நடுத்தண்டுப் பக்கம் முறிந்திருந்தால் கைப்பிடி எந்தப் பிடிப்பும் இல்லாமல் சும்மா சுற்றும். இறுகி வழுக்குகிறது என்றால் உள்முனை தண்டில் பிடித்துத்தான் இருக்கிறது; வெளிமுனைதான், ஸ்பிரிங் அடைத்திருக்கும் டப்பாவின் கொக்கியை விட்டுப் போயிருக்க வேண்டும்.

பேரன் ஏற்கெனவே இணையத்தில் தேடி வைத்திருக்கிறார். "புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டுடலாமா அண்ணே?" திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 5

மோட்டாரைப் பலகையோடு கழற்றி, ஸ்பிரிங் டப்பாவைத் தனியே எடுத்தேன். டப்பாவின் விட்டம் ஏழு செ.மீ. அளவுதான். அதற்குள் மூன்று மீட்டருக்கு மேல் எஃகுப் பட்டை சுருண்டு கிடக்கிறது. முறிந்துவிட்டது, இனி விசை இருக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சாவி கொடுக்காத நிலையிலும் அந்தச் சுருள் விரியத் துடித்துக்கொண்டு டப்பாச் சுவரை அழுத்தியபடியேதான் இருக்கும். மூடியைத் திறந்து நடுவில் குறடு போட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் மொத்தமும் வெளியே பாயும். பட்டையின் ஓரம் விரலைக் கிழித்துவிடும்.

நான் செய்வது இப்படி. தோல் கையுறை, கண்ணாடி. டப்பாவைக் கனத்த சாக்குத் துணியில் பொதிந்து இடது கையில் பிடிப்பது. உள்சுற்றை மட்டும் கொஞ்சம் வெளியே தூக்கி, கட்டைவிரலால் மற்றதை அமுக்கிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றாக விடுவது. அவசரமே கூடாது. போன் அடித்தால் எடுக்கக் கூடாது.

உள்ளே கிரீஸ் தார் மாதிரி கெட்டியாகிக் கிடந்தது. அந்தக் காலத்தில் கிராஃபைட் கலந்த கிரீஸ் போடுவார்கள். எண்ணெய் காய்ந்து போய்விடும், கரித்தூள் மட்டும் மிஞ்சும். சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு, பாட்டின் நடுவில் திடீரென்று விட்டுக்கொடுக்கும். அப்போது தட்டின் வேகம் குலுங்கும். வாய்ப்பாட்டில் அவ்வளவாகத் தெரியாது. நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டு, ஒரே ஸ்வரத்தில் இழுத்து நிற்கும் நீண்ட கார்வையைக் கேளுங்கள், உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுவிட்டேன்.

ஜனவரி 6

கழுவித் துடைத்து அளந்தேன். அகலம் 25 மி.மீ., தடிமன் 0.55 மி.மீ. வெளிமுனையில் கொக்கி மாட்டும் துளையின் குறுக்கே முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தில் பாதி பழைய கறை, பாதி புதுப் பளபளப்பு. அதாவது பல வருஷங்களாக விரிசல் ஓடிக்கொண்டிருந்து, மிச்சப் பாதி போன வாரம் விட்டிருக்கிறது. ஆச்சி அதிகம் முறுக்கிவிட்டார் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்களாம். அவர்மேல் தப்பில்லை.

மீதி நீளத்தில் துரு இல்லை, வேறு விரிசல் இல்லை. இதைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்க எனக்கு மனம் இல்லை. முனையில் நாலு செ.மீ. வெட்டிவிட்டுப் புதுத் துளை போட்டால் போதும்.

பேரனுக்கு போனில் சொன்னேன். "நீளம் குறைஞ்சா பாட்டு பாதியில நின்னுடாதா அண்ணே?" எல்லோரும் கேட்கும் கேள்வி. டப்பாவுக்குள் நடுத்தண்டு போக மிஞ்சும் இடத்தில் ஸ்பிரிங் பாதியை அடைத்திருக்க வேண்டும், மறுபாதி காலியாக இருக்க வேண்டும். அப்போதுதான் அதிகபட்சச் சுற்றுகள் கிடைக்கும். இன்னும் நீளமான ஸ்பிரிங் போட்டால் சுற்று கூடாது, குறையும். விளிம்பு வரை சோறு அடைத்த பானையில் கரண்டி திரும்பாதது போலத்தான். அந்தப் பாதி அளவின் அக்கம்பக்கத்தில் கொஞ்சம் முன்பின் போனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்றே கால் மீட்டரில் நாலு செ.மீ. என்பது நூற்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்.

தடிமனில்தான் விளையாடக் கூடாது. விசை தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 0.55 இருந்த இடத்தில் 0.6 போட்டால் முப்பது சதவீதம் கூடுதல் இழுப்பு, 0.7 போட்டால் இரண்டு மடங்கு. 'கெட்டியா இருக்கட்டும்' என்று தடித்த பட்டையைத் திணித்து, பல்சக்கரத்தின் பல் உதிர்ந்து வந்த மோட்டார்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 8

துளை வேலை. ஸ்பிரிங் எஃகு அப்படியே துளையிட வளைந்து கொடுக்காது, டிரில் பிட்தான் மழுங்கும். முனையில் மூன்று செ.மீ. மட்டும் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். தண்ணீரில் போட்டால் கண்ணாடியாக நொறுங்கும்.

சூடு பின்னால் ஏறாமலிருக்க ஈரத்துணி சுற்றிக் குறட்டில் பிடிப்பது வழக்கம். ஆனால் துணியை முனைக்கு மிக நெருக்கிக் கட்டினால் மெத்தென்ற இரும்பும் விறைப்பான எஃகும் ஒரே கோட்டில் சந்திக்கும்; அடுத்த முறிவு அந்தக் கோட்டில்தான். தள்ளிக் கட்டினால் சிவப்பு, நீலம், ஊதா, வைக்கோல் நிறம் என்று படிப்படியாகக் குறைந்து போகும். அந்த நிற வரிசையைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

துளை போட்டு, கொக்கி மாட்டும் பக்கம் ஒடுக்கமாக அரத்தால் இழுத்துப் பேரிக்காய் வடிவாக்கினேன். பிசிறை எடுத்து, ஓரங்களை நுண்தாளால் வழித்து, மூலைகளை உருட்டிவிட்டேன். ஒரு கீறல் மிச்சம் இருந்தாலும் விரிசல் அங்கிருந்து தொடங்கும். மொத்த வேலையில் அதிக நேரம் போனது இந்த வழிப்பில்தான்.

ஜனவரி 9

டப்பாவுக்குள் திரும்ப ஏற்றினேன். வெளிமுனையைக் கொக்கியில் மாட்டி, டப்பாவைத் திருப்பித் திருப்பி வெளியில் இருந்து உள்ளாகச் சுற்று சுற்றாக. புது மாலிப்டினம் கிரீஸ் மெல்லிசாக. பிதுங்கப் பிதுங்கப் போடுகிறவர்கள் உண்டு. அது கோடையில் தட்டின் அடி வரை வழியும்.

தட்டின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் நன்றாக இருக்கிறது. மூன்று குண்டுகளும் ஒரே எடை, ஒரே வளைவு. பிரேக் பட்டையின் ஃபெல்ட் மட்டும் வறண்டு கிறீச்சிட்டது. ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய், அடங்கிவிட்டது.

மதியம் ஒருவர் பெரிய பித்தளைக் குழாய் வைத்த பெட்டி கொண்டுவந்தார். பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியதாம், நூறு வருஷப் பழசு என்றார்களாம். குழாயும் மரப்பெட்டியும் நேற்றுப் பிறந்தவை. உள்ளே இருக்கும் மோட்டார் மட்டும் ஏதோ கையடக்கப் பெட்டியில் இருந்து கழற்றிய அசல். அவரிடம் அதைச் சொன்னேன், முகம் தொங்கிவிட்டது. அசல் மோட்டாருக்கு மரியாதை உண்டு, செய்து தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 11

வேகம் பார்த்தேன். 77 கோடு போட்ட வட்ட அட்டையைத் தட்டின்மேல் வைத்து, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய சோக் வைத்த டியூப் லைட்டின் கீழே ஓடவிட்டால், நிமிடத்துக்கு 78 சுற்று என்ற சரியான வேகத்தில் கோடுகள் நின்ற இடத்தில் நிற்கும். எல்இடி பல்புகள் பல சிமிட்டாதவை, அவற்றின் கீழே ஒன்றும் தெரியாது. அதற்காகவே ஒரு பழைய டியூபைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.

பத்து அங்குலத் தட்டு ஒரு பக்கம், மூன்று நிமிடத்துக்கு மேல், கடைசிவரை கோடு நகரவில்லை. 78 குறைந்து 74க்கு வந்தால் பாடுகிறவருக்குச் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை இறங்கிவிடும். ஆச்சிக்குச் சங்கீத காது உண்டு, கண்டுபிடித்துவிடுவார்.

ஜனவரி 13

ஆச்சியே வந்தார். தட்டு முடிந்ததும் சாவி மிச்சம் இருந்தால் ஓடவிட்டுத் தளர்த்திவிடுங்கள், முறுக்கோடு மாதக்கணக்கில் வைக்காதீர்கள் என்றேன். "அப்பச்சியும் அதையேதான் சொல்வாக" என்றார். கூலியைக் கேட்டுவிட்டு, புது ஸ்பிரிங் காசு மிச்சம்தானே என்று பேரனைப் பார்த்தார். பேரன் பழைய முறிந்த துண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பித்தளைக் குழாய்க்காரரின் டப்பாவைத் திறந்தாயிற்று. இது நடுவில், மூன்று இடத்தில் முறிந்திருக்கிறது. ஒட்டுப் போட்டால் அந்த இடத்தில் சுற்று படியாது. இதற்குப் புதுசுதான். அளவு எடுத்து எழுதியாயிற்று. பொங்கல் முடிந்ததும் ஆர்டர் போட வேண்டும்.