வெளியூர்ச் சாப்பாடு: தாவணகெரே, தார்வாடு, தங்கவயல்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டைச் சுற்றி நல்ல உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. இங்கே எந்த நேரத்தில் எதைத் தேடினாலும், நின்றபடி சாப்பிடும் தர்ஷினியோ மெஸ்ஸோ ஏதோ ஒன்று திறந்திருக்கும். அந்தப் பழக்கத்தோடு கர்நாடகத்தின் சிறுநகரங்களுக்குப் போகிறவர்கள், பிற்பகல் மூன்றரை மணிக்குப் பசியோடு இறங்கி, லாட்ஜுக்குக் கீழேயே இருக்கும் ஏ.சி. ரெஸ்டாரண்டில் பனீர் பட்டர் மசாலாவைச் சாப்பிட்டுவிட்டு, “அந்த ஊரில் சாப்பாடு சரியில்லை” என்று திரும்பி வந்து சொல்வதை அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறேன். வேலை நிமித்தமாக இந்த ஊர்களுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் அந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. சிறுநகரத்தில் பெரும்பாலானோர் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள். வீட்டை விட்டு வெளியே சாப்பிட வேண்டிய நிலையில் இருப்பவர்கள் யார், அவர்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அங்கே அடுப்பு மூட்டுகிறார்கள். அதனால் ஓர் உணவகம் ஏதாவது ஒரு பண்டத்துக்கு, நாளின் ஏதாவது ஒரு வேளைக்கு மட்டும் மிக நன்றாக இருக்கும். மற்ற நேரங்களில் சுமாராக இருக்கும். அந்த வேளையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

தாவணகெரேயை எடுத்துக்கொள்வோம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீட்டர். புனே நெடுஞ்சாலையிலும் ஹூப்ளி ரயில் பாதையிலும் அமைந்திருப்பதால் போய்ச் சேருவது எளிது. ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் ‘கர்நாடகத்தின் மான்செஸ்டர்’ என்று பெயர் வாங்கிய ஊர் அது. ஆலைகள் ஓய்ந்துவிட்டன. மக்காச்சோளம் குவியும் மண்டியும், மருத்துவ, பொறியியல் கல்லூரிகளும், மண்டக்கி என்று அங்கே சொல்லப்படும் அரிசிப்பொரியை வறுத்தெடுக்கும் பட்டறைகளும் இன்று ஊரைத் தாங்குகின்றன. விடியற்காலையில் மூட்டைகளோடு வந்து இறங்கும் விவசாயிக்கும், அந்த மூட்டைகளைச் சுமக்கும் தொழிலாளிக்கும், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கும் காலை உணவு வெளியில்தான். எனவே இந்த ஊரின் பெருமை முழுவதும் காலையில் இருக்கிறது. அதன் பெயர் பெண்ணெ தோசை.

பெங்களூரில் தெருவுக்குத் தெரு ‘தாவணகெரே பெண்ணெ தோசை’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அவற்றை வைத்து அசலை எடைபோட வேண்டாம். அங்கே பழைய கடைகளில் இன்னும் விறகு அடுப்புதான். அதன்மேல் இரண்டு முழத்துக்குக் குறையாத தோசைக்கல். மாஸ்டர் தண்ணீரைத் தெளித்து, ஈர்க்குமாற்றால் ஒரே வீச்சில் கல்லைத் துடைத்துவிட்டு, ஏழெட்டுத் தோசைகளை வரிசையாக ஊற்றுகிறார். நம் மசால் தோசையைப் போல மெல்லியதாகத் தேய்த்து விரிப்பதில்லை. சிறியதாக, சற்றுக் கனமாகவே விட்டுவிடுகிறார். மாவில் அரிசி, உளுந்தோடு மண்டக்கியும் சேர்த்து அரைப்பதால் மேற்பரப்பு முழுவதும் பொடிப்பொடியாகக் கண் திறக்கிறது. அப்போது வெண்ணெயை விரலால் வழித்து ஒவ்வொன்றின்மேலும் வைக்கிறார். அது உருகி ஓரத்தில் வழிந்து கல்லைத் தொட்டதும் சளசளவென்று சத்தம் எழுகிறது. விளிம்பு முறுகிச் சிவக்க, நடுப்பகுதி மெத்தென்றே இருந்துவிடுகிறது. தட்டில் தோசையின்மேல் இன்னொரு சிறு வெண்ணெய்க் கட்டியும், பக்கத்தில் மஞ்சள் சேர்க்காத வெள்ளை உருளைக்கிழங்குப் பல்யாவும் (நம் பொரியல் மாதிரி), நீர்த்த தேங்காய்ச் சட்னியும் வருகின்றன. சாம்பார் வராது. கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். புது ஆள் என்று மட்டும் புரிந்துகொள்வார்கள்.

இதைக் காலை எட்டு மணி வாக்கில் சாப்பிட்டவருக்கும் பதினொன்றரைக்குச் சாப்பிட்டவருக்கும் இரண்டு வேறு அபிப்பிராயங்கள் இருக்கும். கூட்டம் நெருக்கும்போதுதான் கல் ஒரே சீரான சூட்டில் இருக்கிறது. ஆட்கள் குறைந்ததும் விறகைத் தணித்துவிடுகிறார்கள். பிறகு வருகிறவருக்காகக் கல் மறுபடி சூடேற வேண்டும். மாவும் அதற்குள் புளிப்பேறிவிடுகிறது. இணையத்தில் ஒரே கடையை ஒருவர் ஆகா என்றும் இன்னொருவர் வீண் என்றும் எழுதியிருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த மூன்றரை மணி நேர வித்தியாசம்தான் என்பது என் கணிப்பு. மாலையில் அதே ஊர் வேறு முகம் காட்டும். ஐந்து மணிக்குமேல் பி.பி. ரோட்டிலும் ஜெயதேவ சர்க்கிள் பக்கத்திலும் தாளித்த மண்டக்கியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்க மாணவர்கள் மொய்க்கிறார்கள். இரவுச் சாப்பாட்டைப் பொறுத்தவரை தாவணகெரேயைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை.

கேட்கிற விதமும் முக்கியம். லாட்ஜ் மேனேஜரிடம் “இங்கே நல்ல ஓட்டல் எது?” என்று கேட்டால் ஊரில் இருப்பதிலேயே விலை அதிகமான இடத்தைச் சொல்வார். வெளியூரிலிருந்து வந்தவரை மரப்பெஞ்சு போட்ட கடைக்கு அனுப்புவது மரியாதைக் குறைவு என்பது அவருடைய எண்ணம். அதே மேனேஜரிடம் “நாளைக்குக் காலையில தோசை சாப்பிடணும்னா நீங்க எங்க போவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் மாறும். பண்டத்தையும் வேளையையும் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டால், கௌரவம் பார்ப்பதற்கு அவருக்கு இடமில்லாமல் போகிறது.

யாரிடம் கேட்பது என்பதில் ஸ்ரீராம்புரத்துக்காரரான எங்கள் மூத்த சகா ஒருவரிடம்தான் நான் பாடம் படித்தேன். ஹாவேரியில் ஒரு மருத்துவமனை வாசலைக் கடந்து போகும்போது, கறுப்புப் பையோடு காத்திருந்த மெடிக்கல் ரெப் ஒருவரைக் காட்டி, “தம்பி, அவரைக் கேளு” என்றார்.

“அவரையா? ஏன் சார்?”

“வாரம் பூரா ஊர் ஊரா வெளியில சாப்பிடுற வயிறு அது. காசும் பாக்கணும், உடம்பும் கெடக் கூடாது. அந்த ஆளு சொல்ற கடை தப்பாது.”

அதிலிருந்து மெடிக்கல் ரெப்புகள், மாற்றலாகி வந்து குடும்பத்தைப் பிரிந்திருக்கும் வங்கி ஊழியர்கள், நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்பவர்கள் ஆகியோரிடம்தான் கேட்கிறேன். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே கடையைச் சொன்னால் பிறகு யோசிப்பதில்லை.

தார்வாடு தாவணகெரேக்கு நேர்மாறான ஊர். அங்கே பகல் உணவுதான் சிறப்பு. கர்நாடகப் பல்கலைக்கழகம், உயர் நீதிமன்றக் கிளை, சப்தாபுரம் பகுதியில் அடுத்தடுத்து இருக்கும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்கள் என்று, வெளியூர்க்காரர்களை நம்பியே அங்கு நூற்றுக்கணக்கான கானாவளிகள் நடக்கின்றன. கானாவளி என்றால் வீட்டுச் சாப்பாட்டை விலைக்குக் கொடுக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் மெஸ்ஸுக்குப் பக்கத்து உறவு. பல இடங்களில் பெண்களே சமைத்து நடத்துகிறார்கள். சமையல் கட்டிலிருந்து சோள மாவைத் தட்டும் ஓசை இடைவிடாமல் வருகிற இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். ஜோளத ரொட்டி அப்படித் தட்டித் தட்டித்தான் மெல்லியதாகிறது. கல்லிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குள் தின்றால்தான் அதன் மணம். கூடவே வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து அடைத்த எண்ணெய்க் கத்தரிக்காய், முளைகட்டிய பயறு, வேர்க்கடலைச் சட்னிப்பொடி, கெட்டித் தயிர், பச்சை வெங்காயம், வெந்தயக் கீரை என்று தட்டு நிறைகிறது. வெந்தயக் கீரையைப் பச்சையாகவே தின்பார்கள். கசப்புக்குப் பயப்படாதவர்கள் முயலலாம்.

நம்மவர்களுக்கு அங்கே ஒரு சிக்கல் உண்டு. சோறு கடைசியில்தான் வரும், அதுவும் கொஞ்சமாக, சாரு என்கிற ரசத்துடன். முதலிலேயே “சோறு எங்கே?” என்று தேடினால் பரிமாறுகிறவர் ரொட்டியைக் குறைத்துவிட்டுச் சோற்றைக் கொண்டுவந்து விடுவார். அதைச் சாப்பிடுவதற்குத் தார்வாடு வரை 430 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. பன்னிரண்டரையிலிருந்து இரண்டுக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு காலையில் அடுக்கி வைத்த, காய்ந்த கடக் ரொட்டிதான் கிடைக்கும். அதுவும் நல்ல பண்டம்தான்; ஊருக்கு வாங்கி வந்தால் வாரக் கணக்கில் தாங்கும். புவிசார் குறியீடு பெற்ற தார்வாடு பேடாவை லைன் பஜாரில் வாங்கலாம் என்பதை எல்லோரும் சொல்வார்கள் என்பதால் நான் நீட்டவில்லை.

கூகுள் மேப்ஸை நான் ஒதுக்குவதில்லை. ஆனால் நட்சத்திரங்களைப் பார்ப்பதில்லை. மண்டித் தொழிலாளியும் கானாவளி மாணவனும் தினமும் சாப்பிடுகிற கடைக்கு மதிப்புரை எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் காரை நிறுத்திவிட்டு வந்தவர்கள். ஆகவே குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்கள் என்ன குறை சொல்கிறார்கள் என்று முதலில் படிக்கிறேன். கார் நிறுத்த இடமில்லை, தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள், இரண்டு மணிக்கே தீர்ந்துவிட்டது என்கிற வகைக் குறைகள் எனக்குச் சிபாரிசுக் கடிதங்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சமீபத்தில் பலர் எழுதியிருந்தால் விட்டுவிடுகிறேன். தேடும்போது கானாவளி, மிலிட்டரி ஓட்டல் (அசைவ உணவகம்) போன்ற சொற்களைக் கன்னட எழுத்திலும் தட்டிப் பாருங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது மேலே வராத கடைகள் சில வரும். சுத்தத்தைப் பொறுத்தவரை, கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணைவிட, தட்டு கழுவும் இடத்தை ஒரு முறை எட்டிப் பார்ப்பதையே நம்புகிறேன். குடிக்க ‘பிஸி நீரு’ என்று கேட்டால் வெந்நீர் கொடுப்பார்கள். கர்நாடகத்தில் அதைக் கேட்பது வழக்கம்தான், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அசைவத்துக்கு மண்டியா, தும்கூர்ப் பக்கம் மிலிட்டரி ஓட்டல்கள். களியும் கறிக்குழம்பும் பகலில்தான், ஈரல், தலைக்கறி போன்றவை ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும். ஹூப்ளி, கதக் பக்கம் சாவ்ஜி சமூகத்தாரின் அசைவ ஓட்டல்கள். அங்கே காரம் நம் செட்டிநாட்டுக் காரத்தை அசட்டுச் சிரிப்புச் சிரிக்க வைக்கும். ஆனால் நாள் பார்த்துப் போக வேண்டும். நமக்குப் புரட்டாசி எப்படியோ அப்படிக் கன்னடர்களுக்குச் சிராவணம். ஏறத்தாழ நம் ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் வரும் அந்த மாதத்தில் பலர் அசைவத்தைத் தொடுவதில்லை. வியாபாரம் குறைந்த கடையில் பழைய கறியைத் தின்னும் வாய்ப்பு அப்போது கூடுதல். திங்கட்கிழமைகளிலும் பல வீடுகளில் அசைவம் இல்லை என்பதால் நான் அன்று ரொட்டியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோலார் தங்கவயலைச் சொல்லாமல் விட்டால் அல்சூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இங்கே பாதிப் பேருக்கு அங்கே சம்பந்தி வீடு இருக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, தமிழிலேயே வண்டி ஓட்டிவிடக்கூடிய ஊர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறார்கள். ஊரின் சாப்பாட்டு நேரத்தையும் அந்த ரயில்களே நிர்ணயிக்கின்றன. இருட்டு விலகும் முன்பே ரயில் நிலையங்களின் பக்கம் இட்லிக் கடைகள் சூடாக இருக்கும். ஒன்பது மணிக்குப் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். ஆட்கள் ஊரில் தங்குவது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் ராபர்ட்சன்பேட்டையில் பிரியாணி சாப்பிட அதுவே சரியான நாள். வார நாளில் அதே கடையில் அதே பிரியாணி அத்தனை சுகப்படாது.

திரும்பும் வழியில் பங்காரப்பேட்டையில் இறங்கிப் பானிபூரி சாப்பிடுவது பலருக்கு வழக்கம். அங்கே பூரிக்கு ஊற்றும் நீருக்கு நிறமே இருக்காது. புதினாப் பச்சையும் புளிப் பழுப்பும் இல்லாத அந்தத் தெளிந்த நீரின் காரம் விழுங்கியபின்தான் தெரியும். கடைகள் மாலையில் திறக்கின்றன. பெங்களூரிலிருந்து வேலை முடிந்து திரும்புகிறவர்களின் ரயில்கள் வந்துவிட்டால் நிற்கவும் இடம் கிடைக்காது. ஆறு மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது.