பொன்னி அடையில் உட்கார்ந்தாள்: ஒரு கோழியின் இனம் தேடிய கதை

பொன்னியை என்னிடம் விற்றவர், "இது பிரம்மா, கலப்பில்லாத இனம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். கோழிகளுக்காக நான் வைத்திருக்கும் நோட்டிலும் அப்படியே எழுதி வைத்தேன். தங்க நிறம், பருத்த உடம்பு, காலில் இறகு. பார்த்தால் பிரம்மா மாதிரிதான் இருந்தாள். அவளோடு கறுப்பு வெள்ளை வரி போட்ட பிளைமவுத் ராக் பெட்டை ஒன்றும், வெள்ளை லெகார்ன் பெட்டை ஒன்றும், ரோட் ஐலண்ட் ரெட் சேவல் ஒன்றும் இருக்கின்றன. அந்த மூன்றைப் பற்றி எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. பொன்னியை மட்டும் சரியாகத் தெரிந்துகொள்ள, அவள் இரண்டு தடவை அடைக்கு உட்கார வேண்டியிருந்தது.

முதல் தடவை அது அடை என்றே எனக்குப் புரியவில்லை. முட்டைப் பெட்டியை விட்டு இறங்காமல் கிடந்தாள். ஏதோ நோய் என்று பயந்துவிட்டேன். கையை நீட்டினால் உடம்பை உப்பி, வாலை விரித்து, தொண்டைக்குள்ளிருந்து உறுமினாள். அடுத்த நொடி மணிக்கட்டில் ஒரு கொத்து. தூக்கிப் பார்த்தபோது மார்பில் இறகு போய், வெறும் தோல் கொதிக்கக் கொதிக்க இருந்தது. முட்டைக்குச் சூடு நேராகப் படவேண்டும் என்று தானே பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். நாளுக்கு ஒரு தடவைதான் இறங்குவாள். அவசர அவசரமாகத் தீனி, தண்ணீர், நாலு எச்சத்தை ஒன்றாகச் சேர்த்த மாதிரி நாற்றமடிக்கும் ஒரு பெரிய எச்சம். முடிந்ததும் ஒரே ஓட்டமாகப் பெட்டிக்குத் திரும்பிவிடுவாள். கொண்டை வெளிறிப் போயிருந்தது. இத்தனைக்கும் அவளுக்குக் கீழே ஒரு முட்டைகூட இல்லை.

அப்போது குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் அடை தெளிந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தடவை முக்கினேன். நடுங்கினாள், காய்ந்தாள், மறுபடி பெட்டிக்குள் போய் உட்கார்ந்தாள். இனி அதைச் செய்ய மாட்டேன். பலன் கொடுத்தது கம்பி வலைத் தரை போட்ட கூண்டுதான். தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி வைத்தேன். வைக்கோல் கிடையாது, இருட்டு மூலை கிடையாது. தீனியும் தண்ணீரும் எப்போதும் உண்டு. அடை மனநிலையைப் பிடித்து வைத்திருப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். கூட்டின் கதகதப்பும், வயிற்றுக்குக் கீழே முட்டை படும் உணர்வும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. கீழிருந்து காற்று பட்டுக்கொண்டே இருந்தால் அது மெல்ல இறங்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் திறந்துவிட்டேன், நேராகப் பெட்டிக்கு ஓடினாள். இன்னும் இரண்டு நாள் கூண்டில் வைத்தேன். ஐந்தாம் நாள் திறந்ததும் மண்ணைக் கிளறப் போனாள். இரண்டு வாரம் கழித்து மறுபடி முட்டை வைத்தாள். அவள் உட்கார்ந்து ஒரு வாரம் ஆன பிறகு நான் விழித்துக்கொண்டதால்தான் இவ்வளவு இழுத்தது. முதல் நாளிலேயே கூண்டில் விட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

இரண்டு மாதம் போயிருக்கும், திரும்ப அதே உறுமல். சரி, இந்தத் தடவை அவள் இஷ்டத்துக்கே விடலாம் என்று முடிவு செய்தேன்.

ஒரு வாரத்துக்குள் வைத்த முட்டைகளாகப் பத்து எடுத்தேன். கழுவவில்லை. கழுவினால் ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலம் போய்விடும். பிளைமவுத் ராக்கின் பழுப்பு முட்டை 4, லெகார்னின் வெள்ளை முட்டை 3, பொன்னி அடைக்கு முன் வைத்த வெளிர் நிற முட்டை 3. ஒவ்வொன்றிலும் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, யாருடையது என்று ஓர் எழுத்தும் எழுதினேன். கோடு இல்லாத முட்டை கண்ணில் பட்டால் அது வேறொருத்தி புதிதாக வைத்தது, உடனே எடுத்துவிடலாம். இரவில், இருட்டில், அவள் வயிற்றுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கடைசி முட்டையை அவளே அலகால் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அடையில் இருக்கும் கோழி அசையாது என்பதால் உற்றுப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, முதல் வாரம் முழுக்கப் பொன்னியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கொண்டை என் கண்ணில் பட்டது. தினமும் பார்த்த கொண்டைதான், இனத்தோடு சேர்த்து அதுவரை யோசித்ததில்லை. ஒற்றைக் கொண்டை. ரம்பப் பல் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. பிரம்மாவுக்கு இருக்க வேண்டியது பட்டாணிக் கொண்டை. அது தாழ்வாக, மூன்று வரிசைச் சின்ன முடிச்சுகளாக மண்டையோடு ஒட்டிக் கிடக்கும்.

இது சின்ன வித்தியாசம் இல்லை. கோழிக் கொண்டையின் வடிவம் தலைமுறை தலைமுறையாக ஒரு கணக்கோடு இறங்குகிறது என்று ஆங்கிலேய உயிரியலாளர் வில்லியம் பேட்சன் 1902லேயே காட்டிவிட்டார். குணங்கள் பெற்றோரிடமிருந்து இறங்கும் விதத்தைப் பற்றித் தாவரங்களில் மெண்டல் கண்டது விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதற்குக் கோழிக் கொண்டையே முதல் சாட்சிகளில் ஒன்று. பட்டாணிக் கொண்டை ஒற்றைக் கொண்டையை அடக்கும். அப்பாவோ அம்மாவோ கலப்பில்லாத பிரம்மாவாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் பட்டாணிக் கொண்டையின் சாயல் வந்தே தீரும். பொன்னிக்கு அது துளிகூட இல்லை. ஆக, அவள் பிரம்மா இல்லை. அவள் பெற்றோரில் ஒன்றுகூடக் கலப்பில்லாத பிரம்மாவாக இருந்திருக்க முடியாது.

நான் செய்த தப்பு நிறத்தை நம்பியது. தங்க நிறம் எத்தனையோ இனங்களில் வரும். நிறத்தைக் கடைசியில் பாருங்கள் என்பேன். முதலில் கொண்டை, அடுத்து காதுமடல், கால் தோலின் நிறம், காலில் இறகு உண்டா இல்லையா, அப்புறம் விரல்களை எண்ணுவது. பெரும்பாலான கோழிக்கு நான்கு விரல். சில்க்கி, டார்க்கிங், ஃபேவரோல் போன்ற சில இனங்களுக்கு ஐந்து. லெகார்னுக்குக் காதுமடல் வெள்ளை, முட்டையும் வெள்ளை. சிவப்புக் காதுமடல் என்றால் பெரும்பாலும் பழுப்பு முட்டை. ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரவ்கானாவுக்குக் காதுமடல் சிவப்பு, முட்டையோ நீலம்.

பொன்னியைத் திரும்ப அடுக்கிப் பார்த்தேன். ஒற்றைக் கொண்டை, சிவப்புக் காதுமடல், மஞ்சள் கால், நான்கு விரல், காலின் வெளிப்பக்கம் மட்டும் ஒரு வரிசை இறகு. ஒற்றைக் கொண்டையும் இறகுக் காலும் மஞ்சள் காலும் சேர்ந்தால் நினைவுக்கு வருவது கொச்சின். அடைக்கு உட்காருவதில் பேர் போன இனமும் அதுதான். என் லெகார்ன் இதுவரை ஒரு நாள்கூட அடைக்கு உட்கார்ந்ததில்லை, அந்த இனத்தில் அது அபூர்வம். பொன்னியோ ஆறு மாதத்தில் இரண்டு தடவை. ஆனால் கலப்பில்லாத கொச்சினுக்குக் கால் முழுக்க அடர்ந்த இறகு இருக்கும், நடு விரலையும் மூடும். பொன்னிக்கு அது பாதிகூட இல்லை. கொச்சின் கலப்பாக இருக்கலாம் என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

ஐந்தாம் நாள் அவளைத் தூக்கி வைத்த கையில் ஏதோ ஊர்ந்தது. கோழிச் செள்ளு, கோழியின் உடம்பில் ஒட்டி வாழும் நுண்ணிய பூச்சி. அடைக்கோழி மண்குளியலுக்குப் போவதே இல்லை, செள்ளுக்கு அது கொண்டாட்டம். வைக்கோலை எல்லாம் மாற்றி, பெட்டியின் மர இடுக்குகளைச் சுரண்டிக் கழுவி, இரவில் டார்ச்சோடு போய்த் திரும்பவும் பார்த்தேன். பகலில் இடுக்குக்குள் பதுங்கி இரவில் வெளியே வரும் வகை ஒன்று உண்டு. பகலில் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஏழாம் நாள் இரவு முட்டைகளை டார்ச் மேல் வைத்துப் பார்த்தேன். வெள்ளை ஓட்டில் தெளிவாகத் தெரிந்தது: நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்புகள். ஒன்றில் அந்தப் புள்ளி அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பழுப்பு ஓட்டில் பார்க்கக் கஷ்டம், கண்ணை இடுக்க வேண்டியிருந்தது. பிளைமவுத் ராக்குடையது ஒன்றும் பொன்னியுடையது ஒன்றும் வெறுமையாக ஒளிர்ந்தன. கூமுட்டை. எடுத்துவிட்டேன். மீதி எட்டு.

ஒன்பதாம் நாள்தான் பெரிய பயம். மத்தியானம் போய்ப் பார்த்தால் பொன்னி பக்கத்துப் பெட்டியில் உறுமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய முட்டைகள் இந்தப் பக்கம் தனியாகக் கிடக்கின்றன, தொட்டால் ஆறிப் போயிருக்கின்றன. அவள் தீனிக்கு இறங்கியபோது லெகார்ன் பெட்டிக்குள் புகுந்து முட்டையிட்டிருக்கிறது. கோடில்லாத புது முட்டை ஒன்று அங்கேயே கிடந்தது. இடம் பறிபோனதும் பொன்னி பக்கத்துப் பெட்டியே தன்னுடையது என்று உட்கார்ந்துவிட்டாள். அடைக்கோழிக்கு முட்டையை விட இடம்தான் அடையாளம். உடனே அவளைத் தூக்கி முட்டைகள் மேல் வைத்தேன். அன்று இரவே பெட்டியோடு பெயர்த்து, மற்றவை நுழைய முடியாத தனி மூலைக்கு மாற்றினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இரவில் மாற்றினால் மறுநாள் காலையில் அந்த இடத்தையே ஏற்றுக்கொள்கிறது. பகலில் மாற்றினால் பழைய இடத்தைத் தேடி ஓடும்.

பதினான்காம் நாள் பார்த்தபோது லெகார்ன் முட்டை ஒன்றில் நரம்பெல்லாம் மறைந்து ஒரு ரத்த வளையம் மட்டும் இருந்தது. உள்ளே கரு இறந்துவிட்டது என்று அர்த்தம். அதையும் எடுத்தேன். மற்ற ஏழிலும் பெரிய இருட்டு, மேலே காற்றறை. பதினெட்டாம் நாளிலிருந்து கை வைப்பதை நிறுத்திவிட்டேன்.

இருபதாம் நாள் காதை வைத்தால் முட்டைக்குள்ளிருந்து சன்னமாகக் கீச். பொன்னி அதற்கு முன் கேட்டிராத ஒரு தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள். இருபத்தொன்றாம் நாள் இரவுக்குள் ஆறு குஞ்சுகள். கடைசி லெகார்ன் முட்டை பொரிக்கவே இல்லை. ஓட்டில் விரிசல் விழுந்த பிறகு முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். உரித்து உதவக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். முன்பே பொரித்த குஞ்சுகளுக்கும் அவசரமில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளாவது தாங்கும். அதனால்தான் தாய் மற்ற முட்டைகளுக்காகப் பொறுமையாகக் காத்திருக்க முடிகிறது. இருபத்துமூன்றாம் நாள் காலையில் மிச்ச முட்டையை விட்டுவிட்டுக் குஞ்சுகளோடு இறங்கினாள். தாய்க்கும் சேர்த்துக் குஞ்சுத் தீனிதான் வைத்தேன். முட்டைக் கோழித் தீனியில் இருக்கும் அவ்வளவு கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டேன், விழுந்து மூழ்காமல் இருக்க.

பிளைமவுத் ராக் முட்டையிலிருந்து வந்த மூன்றும் கறுப்பு. இரண்டுக்கு உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு, ஒன்றுக்கு இல்லை. வரி போட்ட பெட்டைக்கும் வரியில்லாத சேவலுக்கும் பிறந்தால் பொட்டு உள்ளது சேவல், இல்லாதது பெட்டை. தாய் அந்த வரியைத் தன் மகன்களுக்கு மட்டும்தான் கொடுக்க முடியும். ஐந்து வாரம் ஆன இப்போது பொட்டு இருந்த இரண்டுக்கும் இறகில் வரி விழுந்திருக்கிறது. மூன்றாவது கறுப்பாகவே இருக்கிறது.

பொன்னியின் இரண்டும் தேன் நிறம். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினேன், கால் ஓரத்தில் பஞ்சு மாதிரி இறகு. மற்றதை எடுத்தேன். வெறும் கால், அப்பன் கால் மாதிரி வழவழப்பாக. கொச்சினின் இறகுக் கால் வெறுங்காலை அடக்கி மேலே வரும் குணம். பொன்னி கலப்பில்லாத கொச்சினாக இருந்தால், வெறுங்கால் சேவலோடு சேர்ந்தாலும் எல்லாக் குஞ்சுக்கும் கொஞ்சமாவது இறகு வந்திருக்கும். அந்த வழவழப்பான சின்னக் காலை விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, குஞ்சைத் தாயிடம் விட்டேன். உள்ளே போய் நோட்டை எடுத்து 'பிரம்மா' என்பதை அடித்தேன். பென்சிலில் இருந்த 'கொச்சின் கலப்பு' மேல் பேனாவால் எழுதினேன். கேள்விக்குறியை அழித்துவிட்டேன்.