குரூப் 4 கணக்கு: பெரிய எண்ணைப் பார்த்தால் முதலில் உடையுங்கள்

ரிசல்ட் வந்து, சான்றிதழ் சரிபார்ப்புப் பட்டியலிலும் என் எண் இருக்கிறது. அந்தத் தெம்பில் எழுதுகிறேன். தமிழ் 100, பொது அறிவு 75 பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது மிச்சமுள்ள 25 கணக்கில், எண்ணியல் மட்டும்.

நான் படித்த பயிற்சி மையத்தில் கணக்கைக் கடைசியில் போடச் சொன்னார்கள். அது எனக்குச் சரிப்படவில்லை. நாலு கணக்கு போட்டால்தான் எனக்குப் பதற்றம் அடங்கும், அதனால் அதைத்தான் முதலில் எடுத்தேன். உங்கள் சுபாவம் வேறு என்றால் இதை விட்டுவிடுங்கள்.

பெரிய எண்ணைப் பார்த்ததும் வகுக்க ஆரம்பிக்காதீர்கள். பகாக் காரணிகளாக உடையுங்கள். 720720 என்று வைத்துக்கொள்வோம். மூன்று இலக்கம் அப்படியே திரும்ப வந்தால் அது 1001-ன் மடங்கு. 1001 என்பது 7 × 11 × 13. மீதி 720 மட்டும்தான், அதை யாரும் உடைப்பார்கள். ஆக, 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் கேள்வி எப்படி வந்தாலும் கவலையில்லை:

- மொத்தக் காரணிகள்: அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்குங்கள். 5×3×2×2×2×2 = 240.
- ஒற்றைக் காரணிகள்: 2-ஐ விட்டுவிட்டுப் பெருக்கினால் 48.
- முழு வர்க்கமாக்கப் பெருக்க வேண்டிய மிகச்சிறிய எண்: ஒற்றை அடுக்கில் நிற்பவற்றின் பெருக்கல், 5005. வருவது 60060-ன் வர்க்கம்.
- 1 முதல் 16 வரையுள்ள எண்களின் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு): இதே 720720தான். இதை மனப்பாடமே செய்யலாம்.

எண் திரும்ப வராவிட்டாலும் 1001 கைகொடுக்கும். வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: நம் ஊர் வழக்கப்படி காற்புள்ளி 2,51,37,203 என்று விழும். அதை நம்பிப் பிரித்தால் போச்சு. 25 | 137 | 203 என்று நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள். 203 − 137 + 25 = 91. இது 7 × 13. அதனால் அந்த எண் 7-ஆலும் 13-ஆலும் வகுபடும், 11-ஆல் வகுபடாது. மூன்று விடை ஒரே கழித்தலில். விடை பூஜ்யம் வந்தால் 7, 11, 13 ஆகிய மூன்று எண்களாலும் வகுபடும்.

9, 11, 8-க்கான விதிகளை ஆறாம் வகுப்புப் புத்தகத்திலேயே பார்த்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

அப்புறம், சில சில்லறை விஷயங்கள்:

37 × 3 = 111. 222, 777 மாதிரி எண்கள் வந்தால் 37 உள்ளே இருக்கும். 999999-லும் இருக்கிறது: 3³ × 7 × 11 × 13 × 37.

அடுக்கு கேள்வியில் கடைசி இலக்கம் கேட்டால், அடுக்கை 4-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி பூஜ்யம் என்றால் நாலாவது அடுக்கை எடுக்க வேண்டும், பூஜ்யத்தை அல்ல.

நெகட்டிவ் மார்க் கிடையாது. உடைத்தும் பிடிபடாத கணக்கில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.