தெர்மோஸ்டாட்டைக் கழட்டாதீங்க

பழைய காரு சூடாகுதுன்னு கொண்டுபோய் விட்டா, நம்ம பக்கத்து மெக்கானிக்குக பல பேரு மொத வேலையா தெர்மோஸ்டாட்டைக் கழட்டிக் கையில குடுத்துருவாங்க. எங்க 96 மாடல் மாருதி 800க்கும் எங்கூரு மெக்கானிக் அதே வைத்தியந்தான் சொன்னாரு. "நம்மூரு வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குங்க அம்மிணி? குளிர் நாட்டுக்காரன் வெச்சது." கார்புரேட்டர காதுல கேட்டே ட்யூன் பண்ற மனுசன், அவரு கைவேலைய நான் கொற சொல்ல மாட்டேன். இந்த ஒரு விசயத்துல மட்டும் அவரு பேச்சைக் கேக்கறதில்ல.

எஞ்சின் சூடேறுற வரைக்கும் தண்ணிய, அதை ஆத்துற ரேடியேட்டர் பக்கம் விடாம நிறுத்தி வெக்கறது தெர்மோஸ்டாட். உள்ள இருக்கிற மெழுகு சூட்டுல உப்பி வால்வைத் தள்ளும், வழி திறக்கும். அதைக் கழட்டிட்டா பல்லடத்துல இருந்து சூலூர் போறதுக்குள்ள எஞ்சின் ஒழுங்கா சூடே ஆகாது. பெட்ரோல் ஜாஸ்தியாக் குடிக்கும், ஆயில்ல ஈரம் சேரும். டேஷ்போர்டுல சூடு காட்டுற முள்ளு கீழ நிக்கறதப் பாத்து நோய் தீந்துச்சுன்னு நெனைச்சுக்குவோம்.

நோய் வேற எடத்துல இருக்குங்க. எங்க போர்த்தண்ணி உப்பு. கீசர் காயில்ல வெள்ளையாப் படியுதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும். ட்ரைவர்மாரு கொதிக்கக் கொதிக்க வந்து நிறுத்தி, குடத்துல போர்த்தண்ணிய மொண்டு ஊத்துன வண்டி இது. அடியில ட்ரெயின் நட்டைத் திருகுனா செம்மண் கரைச்ச மாதிரி ஊத்துச்சு.

ரெண்டாவது, பஞ்சு. வண்டி நிக்கறது தறிக் குடோன் ஓரம். ஃபேன் கூட்டைக் கழட்டிப் பாத்தா, ரேடியேட்டர் தகடுக்கு நடுவுல பஞ்சும் எண்ணெயும் சேந்து கம்பளி போத்துன கணக்கா இருந்துச்சு. காத்து எப்படிப் போகும்? எஞ்சின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா பைப்புத் தண்ணிய மெதுவா அடிக்கணும். வாட்டர் சர்வீஸ்ல குடுக்கற வேகத்துல அடிச்சா தகடெல்லாம் மடங்கிப்போகும். ஒட்டுனத எடுக்கப் பழைய பல் பிரஷ்ஷு போதும்.

தெர்மோஸ்டாட் நல்லாருக்கான்னு பாக்க சமையக்கட்டே போதும். தறியில இருந்து ஒரு முழம் பாவு நூலை எடுத்து வால்வு இடுக்குல கடிக்க வெச்சு, போசித் தண்ணிக்குள்ள தொங்கவிட்டேன். அடியில முட்டாம இருக்கணும். பக்கத்துல தெர்மாமீட்டர். என்னோடதுல 82ன்னு பொறிச்சிருந்துச்சு. தண்ணி அந்தச் சூட்டைத் தாண்டுனதும் வால்வு வாயைத் திறந்துச்சு, நூலை விட்டுட்டு டொக்குன்னு அடியில விழுந்துச்சு. அம்மா மட்டும் "அந்தப் போசியில இனிப் பால் காய்ச்ச மாட்டேன்"னுட்டாங்க. நாயந்தான்.

ரேடியேட்டர் மூடியையும் மாத்திட்டேன். மூடி அழுத்தம் பிடிச்சாத்தான் தண்ணி நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காம நிக்கும். ரப்பர் வெடிச்ச மூடிய வெச்சுட்டு எத்தனை தண்ணி ஊத்தியும் பிரயோசனமில்ல. (சூடா இருக்கறப்ப மட்டும் அதைத் தொட்டுராதீங்க, மூஞ்சி வெந்துரும்.)

கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் பாதி. ஊத்துனதும் மூடிய மூடாம எஞ்சினை ஓடவிட்டு மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டா, உள்ள அடைஞ்ச காத்து குமிழ் குமிழா வெளிய வரும். கொஞ்ச நேரம் ஹோஸ் வெதுவெதுன்னுதான் இருக்கும். திடீர்னு கை வெக்க முடியாத சூடு ஏறும். தெர்மோஸ்டாட் திறந்துருச்சுன்னு அர்த்தம்.

மெக்கானிக் வந்து பாத்துட்டு, "முள்ளு பாதியில நிக்குதுங்களே"ன்னாரு. அங்கதாங்க நிக்கணும்னேன். "உங்க வண்டி, உங்க இஷ்டம்"னுட்டு டீ குடிச்சுட்டுப் போனாரு.

இப்ப வண்டிய குடோன் ஓரத்துல இருந்து கெழக்கால வேப்பமரத்தடிக்கு மாத்தியிருக்கேன். பஞ்சு கொறைஞ்சிருக்கு. சித்திரையில வேப்பம்பூ கொட்டி வைப்பருக்கு அடியில இருக்கிற சல்லடைய அடைக்கும், அதை அப்பப் பாத்துக்கலாம்.