ஒன்றும் கெடாத மாதத்துக்கான பணம்

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சேலத்தில் இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்பவர்கள் மறக்க மாட்டார்கள். தினமும் பல மணி நேரம் கரண்ட் இருக்காது, பேட்டரி வந்து இறங்கிய வேகத்தில் விற்றுத் தீரும். மின்வெட்டு குறைந்ததும் அந்த ஓட்டம் நின்றது. கடை வாடகை, பையன்கள் சம்பளம், பெட்ரோல் எல்லாம் மாதாமாதம் வந்துவிடும், பழுது மட்டும் அப்படி வராது. இடி மின்னல் அடித்த வாரம் போன் எடுத்து மாளாது, அதற்கடுத்த வாரங்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். எல்லாரும் ஏஎம்சி என்று சொல்கிற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

பேட்டரி விற்பதைவிட ஏஎம்சி விற்பது கடினம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை முதலாளி புதுப்பிக்கும் நேரத்தில் கேட்டார்: "வருசம் பூரா ஒண்ணுமே கெடலீங்களே தம்பி, அப்புறம் எதுக்குங்க காசு?" நியாயமான கேள்வி. வாயால் பதில் சொன்னால் எடுபடாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு அட்டை தொங்கவிட ஆரம்பித்தோம். ஒவ்வொரு முறை போகும்போதும் பேட்டரியின் ஆறு செல்லின் கிராவிட்டி (உள்ளே இருக்கும் ஆசிட்டின் அடர்த்தி), சார்ஜிங் வோல்டேஜ், ஊற்றிய டிஸ்டில்டு வாட்டர், லோடு போட்டபோது எவ்வளவு நேரம் தாங்கியது என்று எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுவோம். நன்றாக சார்ஜ் ஏறிய ட்யூபுலர் என்ற ஆசிட் பேட்டரியில், அந்த அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1240-ஐ ஒட்டிக் காட்டும். ஐந்து செல் அப்படி இருக்க ஒன்று மட்டும் தொடர்ந்து இறங்கினால், அந்த பேட்டரி அதிக நாள் தாங்காது. இதைப் படிக்க அந்த முதலாளிக்குச் சொல்லிக் கொடுத்தேன். தீபாவளி ஆர்டர் நெருக்குவதற்கு முன்பே அவராகவே ஒரு பேட்டரியை மாற்றச் சொன்னார். அதற்குப் பிறகு காசு எதற்கு என்ற பேச்சே வரவில்லை.

ஊருக்கெல்லாம் ஒரே ரேட் என்பதும் சரிப்படாது. ஆசிட் பேட்டரி இருக்கும் இடத்தில் 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் பொதுக் கணக்கு. தகர ஷெட்டில் இருக்கும் பேட்டரிக்கு வெயில் மாதங்களில் அடிக்கடி தண்ணீர் பார்க்க வேண்டும். ஏற்காட்டில் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் அந்தத் தொல்லை குறைவு. அங்கே செலவு வேறு மாதிரி. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரே ஒரு லாட்ஜைப் பார்த்துவிட்டு இறங்கினால் அன்றைய கூலிகூடத் தேறாது. அதனால் மலை வாடிக்கையாளர்களை ஒரே நாளில் கோத்துவிடுகிறோம். அவசர அழைப்புக்கு வருடத்தில் எத்தனை முறை இலவசம், அதற்கு மேல் எவ்வளவு என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் நாள் முழுக்கக் கரண்ட் வராது. அப்போது எல்லா லாட்ஜும் ஒரே சமயத்தில் கூப்பிடும். அந்த எல்லை எழுதப்படாமல் இருந்தால் ஒரே மழையில் வருடத்து லாபம் கரைந்துவிடும்.

வசூலில் எனக்கு நிம்மதி தந்தது, அவரவர் கையில் காசு புரளும் மாதத்தில் கேட்பது. லாட்ஜுக்குக் கோடை சீசன், கோடை விழா நடக்கும் மே மாதம். காபி எஸ்டேட்டுக்குப் பழம் பறித்து முடிந்த பிறகு, மார்ச் வாக்கில். வெள்ளிப் பட்டறைக்குத் தீபாவளியும் பொங்கலும். எல்லாரிடமும் ஏப்ரலில் மொத்தமாகக் கேட்டால் பாதிப் பேர் தள்ளிப்போடுவார்கள், நமக்கும் ஒரு மாதம் வெள்ளம், மற்ற மாதங்கள் வறட்சி. தவணையைப் பிரித்த பிறகு பையன்கள் சம்பளத்துக்குக் கைமாற்று வாங்கும் வழக்கம் நின்றது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

கணக்கு வைத்து நடத்தும் நிறுவனங்களிடம் சட்டமும் கை கொடுக்கிறது. குறு, சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் உத்யம் பதிவை வாங்கிக்கொள்வது நல்லது. குறு, சிறு தொழில்களுக்கான 2006 சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடு தாண்டினால் பணம் கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் வந்துவிட்டது. மார்ச் நெருங்கினால் அவர்கள் ஆடிட்டரே நம் பில்லைத் தேடுகிறார்.

பேட்டரியையும் சேர்த்து ஏஎம்சி போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் சேர்ப்பதில்லை. உழைப்புக்கும் வருகைக்கும்தான் தொகை, பொருளுக்குத் தனி பில். பொருளைச் சேர்த்தால், மாற்ற வேண்டிய பேட்டரியை இன்னும் ரெண்டு மாதம் ஓட்டலாமா என்று நம் கை யோசிக்கும். அது வாடிக்கையாளருக்கு நல்லதல்ல.

இப்போது லித்தியம் பேட்டரி வைப்பவர்கள் கூடிவருகிறார்கள். அதில் ஊற்றத் தண்ணீரும் கிடையாது, பார்க்கக் கிராவிட்டியும் கிடையாது. பழைய அட்டை அங்கே செல்லாது. டெர்மினல் சூடு, எர்த் அளவு, பேட்டரிக்குள் இருந்து அதைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் காட்டும் செல் வோல்டேஜ் வித்தியாசம், முழு லோடில் பேக்-அப் நேரம் என்று புது அட்டைக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில்தான் முதலில் தொங்கப் போகிறது.