கிலோமீட்டருக்கு எவ்வளவு?

நேற்று ராத்திரி பெங்களூரு அல்சூர் வீட்டில் சித்தப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆலப்புழை படகுக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி, "கிலோமீட்டருக்கு எவ்வளவு?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஹவுஸ்போட்டுக்கு மீட்டர் உண்டா என்று கேட்ட முதல் ஆள் நம்ம சித்தப்பாவாகத்தான் இருக்கும்.

"சரி, குமரகம் எவ்வளவு தூரம்?"

"ரெண்டரை மணி நேரம் சாரே."

"தூரத்தைக் கேட்டா நேரத்தைச் சொல்றான் பாரு!" சித்தப்பாவுக்கு வந்ததே கோபம். டிராஃபிக்குக்குப் பேர்போன பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், "ஒன்றரை மணி நேரம், மழை பெய்தா நாளைக்கு" என்று பதில் சொல்கிற மனுஷன் இவர்.

படகுக்காரர் சொன்னதுதான் சரி. கூகுளில் வழி கேட்டால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் காட்டும். அது ஆலப்புழைக்கும் குமரகத்துக்கும் நடுவில் கிடக்கும் வேம்பநாட்டுக் காயலைச் சுற்றிப் போகிற கார் வழி. தண்ணீர் வழி வேண்டுமானால் மேப்பில் புறப்படும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து, விழுகிற சிவப்புக் குறியில் 'தூரத்தை அளவிடு' எடுத்து, போய்ச் சேரும் இடம் வரைக்கும் இழுக்க வேண்டும். நேர்க்கோட்டில் 16 வாக்கில் வரும். சித்தப்பா அதோடு நிறுத்திவிட்டு, ஸ்கூட்டர் வேகத்தில் வகுத்து, "இருபத்தி நாலே நிமிஷம், நம்மளை ஏமாத்தறான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மல்லிகை கட்டிக்கொண்டிருந்த சித்தி ஒரு முழம் நூலை அறுத்து, திரையில் படகு போகிற போக்குக்கு வளைத்து வைத்து, பிறகு அதை நிமிர்த்தி மூலையில் இருக்கும் அளவுகோட்டோடு ஒட்டிப் பார்த்தார். கிட்டத்தட்ட 20. படகு நேராக எங்கே போகிறது? மேடு தட்டும் இடத்தை விட்டு ஆழம் பார்த்துப் போகணும், வலை கட்டிய குச்சிகளைச் சுற்றணும். ஆகாயத்தாமரை புரொப்பல்லரில் சிக்கினால் நிறுத்தி, ரிவர்ஸில் சுற்றி உதறணும். அதனால் நேர்க்கோட்டு அளவோடு கால் பங்கு கூட்டிக்கொள்வதுதான் பத்திரம்.

ஹவுஸ்போட் மணிக்கு 8 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். 20 கிலோமீட்டருக்கு ரெண்டரை மணி, போய் வர 5 மணி. மதியம் 12 மணிக்கு ஏறினால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கரையில் நிற்கும். சாயங்காலம் 5.30 வாக்கில் மீனவர்கள் வலை போடுவார்கள், படகைக் கட்டிவிடணும். மிச்சம் நாலரை மணி. இதில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று மேற்கிலிருந்து வீசும். போகும்போது முதுகில் தள்ளுகிற அதே காற்று, திரும்பும்போது முகத்தில் அடிக்கும். ஆகவே அன்றைக்கே குமரகம் போய்த் திரும்புவது நடக்காது.

"அக்கரை கண்ணுக்கே தெரியுமாமே?" சித்தப்பா விடவில்லை.

தெரியும். தண்ணீரில் நடுவே மரமோ வீடோ இல்லாததால் தூரம் கிட்டத்தில் மாதிரி காட்டும், அதை நம்பக் கூடாது. சின்னப் படகில் கண் தண்ணீரிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் வெறும் 4.4 கிலோமீட்டரில் முடிந்துவிடும். தென்னையின் தலை மட்டும் தெரிந்து அடிமரம் தெரியாவிட்டால் கரை அதற்கும் அப்பால். கிட்ட இருக்கும் படகு என்றால் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை அதன் மேல் வைத்து, கண்ணை மாற்றிப் பாருங்கள். விரல் மூன்று படகு நீளம் தாண்டினால், 20 மீட்டர் படகுக்கு 60 மீட்டர். கை நீளம் ரெண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் போல் சுமார் பத்து மடங்கு, அதனால் பத்தால் பெருக்கினால் படகு 600 மீட்டர் தூரத்தில்.

சித்தப்பா உடனே பால்கனிக்குப் போய் எதிர் பிளாட் தண்ணீர் டேங்கை அளந்துவிட்டு வந்தார். அந்த வீட்டு மாமி எதற்கு இவர் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் சித்திதான் முடிவு சொன்னார்: ஆலப்புழைப் பக்கத்து முகம்மாவிலிருந்து அரசாங்கப் படகு, குறுக்கே 8 கிலோமீட்டர், முக்கால் மணிக்குள் குமரகம், டிக்கெட்டும் பஸ் டிக்கெட் மாதிரிதான். எல்லாரும் தலையாட்டினோம். சித்தப்பா மட்டும் வாயே திறக்கவில்லை. ஹவுஸ்போட்டுக்கு முன்பணம் போன வாரமே கட்டிவிட்டாராம். திருப்பித் தர மாட்டார்களாம்.