தூங்குமூஞ்சிக்குப் பெயர் வாங்கிய கதை

ஆராய்ச்சிக்காக ஒரு மரத்து நெற்றை நுண்துளைக் கரியாக்க எனக்கு நான்கு நாள்தான் ஆனது. அது எந்த மரத்து நெற்று என்று காகிதத்தில் காட்ட ஏழு வாரம்.

மரம் ஒன்றும் அபூர்வமில்லை, சிங்கப்பூர்ச் சாலையோரமெல்லாம் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சிதான். வளாகத்தில் அனுமதி வாங்கிப் பொறுக்கினேன். (நெற்றுக்குள் இருக்கும் சதை வெல்லப்பாகு மாதிரி ஒட்டும், நன்றாகக் காயவைக்காமல் அரைத்தால் பிளேடு சுற்றாது.) பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, நைட்ரஜன் ஓட்டத்தில் 700 டிகிரி, அமிலக் கழுவல், கரியின் துளைகளை அளக்க -196 டிகிரியில் நைட்ரஜன் உறிஞ்சல் அளவீடு, எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் துளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தாவரத்தை அடையாளம் கண்டது யார்? ஹெர்பேரியச் சான்று எண் எங்கே?" (ஹெர்பேரியம் என்றால் உலர்த்திய செடி மாதிரிகளைப் பெயரோடு பாதுகாக்கும் இடம், அங்கே வைக்கும் மாதிரிக்குத் தரும் எண்தான் சான்று எண்.) என் கையில் இருப்பதோ கறுப்புப் பொடி, அதில் இலைக்கும் பூவுக்கும் எங்கே போவேன்?

சரி என்று வேலை முடிந்து ஏழரை மணிக்குப் போய், அதே மரத்தில் ஒரு கொப்பு வெட்டி, பழைய தமிழ் முரசுத் தாள்களுக்கு நடுவே அழுத்தி ஹெர்பேரியத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த அக்கா பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். "தம்பி, இலையெல்லாம் மூடிக் கிடக்கே, பூவும் இல்ல, இத வச்சு நான் என்ன பாக்க?" பொழுது சாய்ந்தால் இலை மூடும் என்றுதானே அதற்கு அந்தப் பெயரே! தமிழ் பேசுகிற எனக்கு அது உறைக்கவில்லை.

இரண்டாம் முறை காலையில் போய், இளஞ்சிவப்புப் பூவோடு பறித்தேன். ஆனால் மூன்று நாள் தாள் மாற்றவில்லை, இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பூத்துவிட்டது. தினமும் தாள் மாற்றுங்கள். மூன்றாவதுதான் தேறியது.

அப்புறம் வந்தது பொறுக்க அனுமதி தந்த அலுவலகம். அனுமதிப் படிவத்தில் நான் எழுதிய அறிவியல் பெயர் அல்பீசியா சமான், சான்றுச் சீட்டில் இருப்பது சமானியா சமான். "இது ரெண்டு வேற செடி, புதுசா விண்ணப்பம் போடுங்க" என்றார் அங்கிருந்த எழுத்தர். 1800இல் தாவரவியலாளர் ஜாக்குவின் இதை மிமோசா சமான் என்றார், 1876இல் முல்லர் அல்பீசியாவில் சேர்த்தார், 1916இல் மெரில் சமானியாவுக்கு மாற்றினார், இரண்டு பெயருக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் முதலில் பெயர் வைத்தவராக ஒரே ஜாக்குவின்தான் இருக்கிறார் பாருங்கள் என்று பதினைந்து நிமிடம் பாடம் எடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்.

அக்கா இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். போன வெள்ளி எண் வந்துவிட்டது. நீங்கள் இதில் இறங்குவதாக இருந்தால், நெற்றை உலையில் வைப்பதற்கு முன்பே ஒரு கொப்பை அழுத்தி வைத்துவிடுங்கள், காலை பத்து மணிக்குள்.